கிஷோருக்கு அவசரம்

"கோவிந்தப்பா, கொஞ்சம் நிறுத்துங்க. அவசரம்," என்றான் கிஷோர்.

பிடதிகூடத் தாண்டவில்லை. கிளம்பி ஒரு மணி நேரம்தான் ஆகிறது. அதற்குள் இவனுக்கு அவசரம்.

குவாலிஸ் வந்த புதிது. ப்ராஜெக்டை முடித்துக் கொடுத்த சந்தோஷத்தில், ஒரு குவாலிஸை வாடகைக்கு எடுத்துக்கொண்டு குடகுக்கு இரண்டு நாள் கிளம்பியிருந்தோம். நான், கிஷோர், நரேஷ், அப்புறம் வேதநாயகி. ஆரணிப் பொண்ணு. எங்கள் டீமில் சேர்ந்து ரெண்டு மாசம்தான். கூட வரவேண்டிய அனுஷாவுக்குக் கடைசி நேரத்தில் காய்ச்சல். பணம் கட்டியாச்சே என்று இவள் மட்டும் வந்துவிட்டாள்.

நான் டீம் லீட். சும்மா இருப்பேனா? எக்ஸெல்லில் நேரம் போட்டு, ப்ரின்ட் எடுத்து, ஆளுக்கொன்று கொடுத்திருந்தேன். பத்து மணிக்குத் தொம்மலூர் ஆபீஸிலிருந்து புறப்பாடு. ஒன்றரைக்கு மைசூரில் சாப்பாடு. ஐந்தரைக்கு மடிக்கேரி. ஆறு பத்துக்கு ராஜா ஸீட்டில் சூரிய அஸ்தமனம். அதைப் பார்க்க எனக்கு மூன்று வருஷத்து ஆசை. வேறெது தவறினாலும் அது தவறக் கூடாது.

"அதோ புளியமரம். போயிட்டு வாடா," என்றான் நரேஷ்.

"மரத்தடியெல்லாம் ஆகாது. நல்ல ஓட்டலா பார்த்து நிறுத்துங்க."

"துரைக்கு டைல்ஸ் போட்ட பாத்ரூம் வேணுமாம்."

டிரைவர் கோவிந்தப்பா ஒரு ஓட்டலில் நிறுத்தினார். கிஷோர் ஓடினான். போன வேகத்தில் திரும்பி வந்தான். "சுத்தமா இருக்கு. போறவங்க போயிட்டு வாங்க," என்று விளம்பரம் வேறு. வண்டி நின்றால் எல்லோரும் இறங்கத்தானே செய்வார்கள்? டீ, சிகரெட், பிஸ்கட் என்று இருபது நிமிஷம் போயிற்று.

ராமநகரத்துப் பாறைகளைப் படமெடுக்க நரேஷ் கெஞ்சினான். நான் நிறுத்த விடவில்லை. ஆனால் மத்தூரில் கிஷோருக்கு மறுபடி அவசரம். மண்டியாக் கரும்பையெல்லாம் தாண்டி, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரி தெரிந்ததும் இன்னொரு அவசரம்.

"தண்ணியைப் பார்த்தாலே வருதாடா உனக்கு?" என்றான் நரேஷ்.

எல்லோரும் சிரித்தோம். வேதநாயகிகூடச் சிரித்தாள். கிஷோரும் கூடவே சிரித்தான்.

"இருபத்தாறு வயசுல இது நல்லதில்லடா. சுகர் டெஸ்ட் பண்ணு," என்றேன்.

"திங்கக்கிழமை பண்றேன் ஹரிஷ்."

ஹுன்சூரில் ஒன்று. குஷால்நகரில் ஒன்று. அதற்கப்புறம் காப்பித் தோட்டங்கள் நடுவே மலை ஏறியபோது நான் வெளியே பார்க்கவே இல்லை, வாட்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ராஜா ஸீட்டில் இறங்கியபோது மணி ஆறு இருபது. அஸ்தமனம் பார்த்துவிட்டுக் கூட்டம் திரும்பி வந்துகொண்டிருந்தது. தூரத்து மலைமேல் கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்தது, அவ்வளவுதான்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"உன்னாலதான்டா போச்சு. உடம்பு சரியில்லைன்னா வீட்ல கெடக்க வேண்டியதுதானே? இனிமே எந்த ட்ரிப்புக்கும் உன் பேரு லிஸ்ட்ல இருக்காது."

"ஸாரி ஹரிஷ்," என்றான்.

மறுநாள் திரும்பும்போது, அக்கா வீட்டில் தங்கிவிட்டு வருவதாக மைசூரிலேயே இறங்கிக்கொண்டான். அவன் காதில் விழும்படியே "அப்பாடா" என்றேன்.

அப்புறம் பாருங்கள், வண்டி பறந்தது. மண்டியா போனதே தெரியவில்லை. இந்த வேகத்தில் போனால் ஏழு மணிக்கெல்லாம் வீடு என்று நினைத்தபோது, மத்தூரில் ஒரு ஓட்டலுக்குள் வண்டியைத் திருப்பினார் கோவிந்தப்பா.

"என்னாச்சு?"

"அர்ஜென்ட் சார்."

"போச்சுடா. இவருக்கும் தொத்திக்கிச்சு," என்றான் நரேஷ்.

உள்ளே போனவர் அரை நிமிஷத்தில் வந்துவிட்டார். "க்ளீனாத்தான் இருக்குது. போறவங்க போயிட்டு வரலாம்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, துணியை எடுத்துக் கண்ணாடி துடைக்க ஆரம்பித்தார். நரேஷ் வடை வாங்கப் போனான். வேதநாயகி இறங்கி விறுவிறுவென்று உள்ளே போனாள்.

எனக்கு எரிச்சல். "அர்ஜென்ட்னீங்க. போன உடனே வந்துட்டீங்க?"

"எனக்கு ஒண்ணும் இல்ல சார்." குரலைத் தாழ்த்தினார். "கிஷோர் சார் இறங்கறப்போ சொல்லிட்டுப் போனாரு. 'இத்தினி ஆம்பளைங்க நடுவுல அந்தப் பொண்ணு நிறுத்தச் சொல்லி வாயைத் திறக்காது. எங்க அக்காவும் அப்படித்தான், பஸ் ஏறணும்னா முந்தின நாளே தண்ணி குடிக்கிறத நிறுத்திடும். இனிமே மணிக்கொரு தடவை உங்களுக்கு அவசரம் வரணும் கோவிந்தப்பா'ன்னாரு."

என் எக்ஸெல்லில் சாப்பாட்டுக்கு நேரம் இருந்தது, சூரியனுக்கு நேரம் இருந்தது. இது எனக்குத் தோன்றவே இல்லை. அத்தனை பேர் முன்னால் கத்தியதை நினைத்தால் வெட்கமாக இருந்தது. அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவளுக்குத்தான் கூச்சம் என்று வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறான்.

வேதநாயகி வந்து ஏறினாள். பாட்டிலைத் திறந்து மடக் மடக்கென்று தண்ணீர் குடித்தாள். நரேஷும் வடைப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்தான்.

"ஹோகோணா சார்?" என்றார் கோவிந்தப்பா.

"போலாம். பிடதியில நல்ல ஓட்டலா பார்த்து நிறுத்துங்க," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "எனக்கு அவசரம்."