ஏற்றத்தில் கழலும் செயின்

கிர்ர்ர்ர்...

கல்லூரியில் படித்த காலத்தில், நெய்யாற்றின்கரை இறக்கத்தில் வேதமாணிக்கம் கேட்ட சத்தம் அது. கன்னியாகுமரிக்குப் போகிற வெள்ளைக்காரன் ஒருவன் பெடலை மிதிக்காமலே அவரைத் தாண்டிப் போனான். பின்சக்கரம் மட்டும் சில்வண்டுக் கூட்டம் போலப் பாடிக்கொண்டு போனது.

அவர் கல்லூரி ஆசிரியராகி, ஓய்வும் பெற்ற பிறகு, இத்தாலியில் நர்ஸாக இருக்கும் மகள் ஜிஜா அந்தக் காலத்து ஸ்டீல் ரேஸ் சைக்கிள் ஒன்றை வாங்கி அனுப்பினாள். அதுவரை அந்தச் சத்தம் அவர் காதிலேயே இருந்தது.

இப்போது பாறசாலையில் அவரைப் போலப் பழைய ரேஸ் சைக்கிள் பித்துப் பிடித்தவர்கள் ஒரு கூட்டமே உண்டு. சனிக்கிழமை காலையில் காரக்கோணம் வழியாக ஒற்றசேகரமங்கலம் வரை போய் வருவார்கள். வேதமாணிக்கம்தான் தலைவர். விதிகளும் அவருடையவை. பழைய சைக்கிளில் புது சாமான் மாட்டக்கூடாது. ஏற்றத்தில் கால் ஊன்றக்கூடாது. ஒருவர் சைக்கிள் மக்கர் செய்தால் எல்லாரும் நிற்க வேண்டும்.

"சாரே... செயின்!"

ஏற்றத்தின் பாதியில் ராஜனின் குரல். கூட்டம் நின்றது.

"எலே, போன வாரமும் இங்கதானே கழண்டுது?"

"இது சைக்கிளா, எருமையா? ஏத்தத்தக் கண்டதும் படுத்துக்கிடுதே!"

வேதமாணிக்கம் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கத்தினார்.

"உனக்கு சைக்கிள் வெச்சுக்கிடத் தெரியாது ராஜா. எனக்க ஓட்டமே கெட்டுப்போகுது. ஒரு நாளாவது நிக்காம ஏற விடுதியா?"

"எண்ணெய் போட்டுத்தான் கொண்டு வாறேன் சாரே."

"எண்ணெயாம்! அடுத்த சனிக்கிழமைக்குள்ள சரியாக்கணும். இல்லேன்னா நீ இந்தக் கூட்டத்தில வேண்டாம்."

ராஜனின் முகம் செத்துவிட்டது. வாரம் முழுக்க ரப்பர் கடையில் நிற்கிறவனுக்கு இந்தச் சவாரி ஒன்றுதான் சந்தோஷம்.

கூட்டத்தில் சைக்கிள் ரிப்பேர் தெரிந்தவரான செல்லையன் நெஞ்சை நிமிர்த்தினார்.

"சைக்கிள எங்கிட்ட தா மக்கா. எனக்க கைக்கு அடங்காத பழைய கியர் இந்த வட்டாரத்தில உண்டா?"

பீற்றல்தான். ஆனால் உண்மை. திருவனந்தபுரத்திலிருந்துகூடக் காரின் கூரையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கு வருவார்கள். அவருக்குக் கூலி வேண்டாம். "செல்லையன் கை பட்டது" என்று நாலு பேர் சொன்னால் போதும்.

அடுத்த சனிக்கிழமை, எல்லார் முன்னாலும் ராஜனின் பழைய இத்தாலி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார் செல்லையன்.

"சரியாச்சா?" என்றார் வேதமாணிக்கம்.

"இல்ல சாரே. எனக்கு முடியல."

"யாருக்கு, செல்லையனுக்கா?"

"ஆமா. இந்த கியர் இப்படித்தான், ஏத்தத்தில கழலும். இதத் தூரப் போட்டுட்டு புது கியர் மாட்டினா சரியாவும்."

வேதமாணிக்கம் பதறிப்போனார்.

"புது கியரா? இத்தாலிக்காரன் சைக்கிள்லயா? ஓய், உமக்கு வெவரம் உண்டா? கழலுறது அந்தக் காலத்து வண்டிக்க குணமாக்கும்! இருக்கட்டும். கழண்டா நிப்போம். இப்ப என்ன, கப்பலா போகுது?"

ராஜன் தப்பித்தான். கேலியெல்லாம் செல்லையன் பக்கம் திரும்பியது.

"எந்து பற்றி, மெக்கானிக்கே? என்ன ஆச்சு?"

"ஒரு செயினுக்கிட்ட தோத்துட்டாரே!"

"எனக்க பேரனுக்க மூணு சக்கர வண்டிய நாளைக்குக் கொண்டு வாறேன் செல்லையா. முதல்ல அதில படியும்" என்றார் வேதமாணிக்கம்.

செல்லையன் ஹெல்மெட்டின் வாரை இறுக்கிக்கொண்டார்.

ஏற்றம் வந்தது. செயின் கழன்றது. வேதமாணிக்கம் கல்லில் உட்கார்ந்து, இத்தாலிக்காரன் குழாய்களை எப்படி ஒட்டினான் என்று விளக்கத் தொடங்கினார். கூட்டம் அவரைச் சுற்றி நின்றது.

ராஜன் செயின் மாட்டுகிற சாக்கில் குனிந்தான்.

"அண்ணா, உள்ளதச் சொல்லுங்க. சரியாக்க முடியலையா?"

"சரியாக்க அதில என்ன இருக்கு? நான் இதே ஏத்தத்தில ஓட்டிப் பாத்தேன். ஒரு தடவகூட கழலல. பெடலப் பின்னால சுத்திக்கிட்டு, கியர் லிவர வெட்டி இழுத்தாத்தான் கழலும். நீதானே இழுக்கிய?"

ராஜன் திரும்பி வேதமாணிக்கத்தைப் பார்த்தான்.

"சார்கிட்ட சொல்லி உன்ன நாறடிக்கணும்னு அவருக்க வீட்டுக்குப் போனேன். சார் இல்ல. வீட்டம்மா லீலாபாய் அக்காதான் இருந்தா."

"அக்கா சொல்லியாச்சா?"

"எல்லாம் சொன்னா. சாருக்கு நெஞ்சில ஸ்டென்ட் வெச்சிருக்குது. ஏத்தத்தில நின்னு நின்னுதான் போகணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நாலு பேர் முன்னால கால் ஊன்ற மாட்டேன்னு இந்த மனுஷன் ஒத்தக் கால்ல நிக்குது. அதுக்காக அக்கா உங்கிட்ட வந்து அழுததும் சொன்னா."

"சார் அறியண்டாம் அண்ணா. அறிஞ்சா சைக்கிளையே தொடமாட்டாரு."

"அதுக்குத்தானே முடியலன்னு சொன்னேன். சரியாக்கிட்டேன்னு சொன்னா, நீ எப்படிக் கழத்துவ?"

"அங்க என்ன கிசுகிசு?" வேதமாணிக்கத்தின் குரல் வந்தது. "செல்லையா, செயின் மாட்டவாவது தெரியுமா?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"படிச்சுக்கிட்டு இருக்கேன் சாரே" என்றார் செல்லையன்.

அதற்குப் பிறகு செல்லையனிடம் யாரும் சைக்கிளைச் சரிசெய்யக் கொடுக்கவில்லை.