பத்து இருமல்

"எங்க, இன்னொரு தடவை இருமு பாப்போம்."

அவள் இருமினாள். ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், என்ன வியாதியோ என்று இரண்டு இடம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

"இவ்வளவு சத்தம் வேணாம், ஊரைக் கூட்டிடாதே. தொண்டையைச் செருமுற மாதிரி லேசா. நர்ஸ் ஒரு தடவை தொட்டா ஒரு இருமல். மொத்தம் பத்து."

"பத்து" என்று அவளும் சொல்லிக்கொண்டாள்.

நோயாளி அவள் இல்லை, இருமச் சொல்லிக்கொடுத்த அவள் கணவர்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பத்தொன்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு வேன் மாமா. அதில் பன்னிரண்டு வருடம் சர்க்கரை நோயும் கூடவே சவாரி செய்தது. இப்போது அது கால் நரம்புகளைப் பதம் பார்த்துவிட்டது. பாதம் இரண்டும் மரத்துப்போய், தரையில் நடந்தாலும் பஞ்சில் நடக்கிற மாதிரிதான் இருந்தது.

போன மாதம் ஒரு நாள் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். இன்னொன்று எங்கே என்று மனைவி கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார். "வண்டியிலயும் அப்பப்ப இப்படித்தான் குனிஞ்சு பாத்துக்கறேன், கால் பிரேக்குல இருக்கான்னு" என்று சொல்லிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. வண்டிக்குப் போய்த் தேடினாள். செருப்பு பிரேக்குக்கு அடியில் சிக்கிக் கிடந்தது.

விஷயம் அரசல் புரசலாகப் பள்ளிக்கூடத்துக்கும் எட்டிவிட்டது. காலைப் பரிசோதித்து டாக்டர் கையெழுத்தோடு வந்தால்தான் சாவி என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்த ஒரு வாரத்தில் மனிதர் பாதியாகிவிட்டார். வேன் இல்லாமல் என்ன செய்வது, எங்கே போவது என்றே அவருக்கு விளங்கவில்லை.

பரிசோதனை எப்படி இருக்கும் என்று நாலு பேரிடம் விசாரித்தார். கண்ணை மூடிப் படுக்க வேண்டும். நர்ஸ் ஒரு நைலான் இழையால் பாதத்தில் பத்து இடத்தில் தொடுவாள். தொடுவது தெரிந்தால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். துணைக்கு ஒருவர் கூட நிற்கலாம் என்று கேள்விப்பட்டதும் திட்டம் தயாராகிவிட்டது.

முதலில் மனைவி மசியவில்லை. "நீ வரலைன்னா மச்சானைக் கூட்டிட்டுப் போறேன், அவன் இருமுவான்" என்று அவர் ஒரே பிடியாக நின்றார். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாதவள், மூன்றாம் நாள் காலையில் தானாகவே, "அவன் எதுக்கு, நானே வர்றேன்" என்றாள்.

"ஏங்க, இப்ப வண்டியில எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டாள் பெஞ்சில் இருந்தபடியே.

"பதினெட்டு. ஏன்?"

"சும்மாதான்."

அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

நர்ஸ் சின்னப் பெண், பொறுமைக்காரி. அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, இழையை முதலில் அவர் கையில் தொட்டுக் காட்டினாள். "இதே மாதிரிதான் கால்லயும் தொடுவேன் சார். தெரிஞ்சா 'தெரியுது'ன்னு சொல்லுங்க. கண்ணை நல்லா மூடிக்குங்க."

மூடிக்கொண்டார். காலில் ஒன்றையும் காணோம். அவள் தொடுகிறாளா இல்லையா என்பதுகூடத் தெரியவில்லை. தனக்கு இவ்வளவு மோசமாகிவிட்டதா என்று முதன்முதலாகப் பயம் வந்தது.

லேசாக ஓர் இருமல்.

"தெரியுது!"

மறுபடியும் இருமல். "தெரியுது!"

மூன்று, நான்கு, ஐந்து. எல்லாம் கச்சிதம். மனைவி மேல் அவருக்குப் பொங்கிவந்த பாசம் கொஞ்சநஞ்சமில்லை. கல்யாணமான நாளிலிருந்து நாம் இவ்வளவு ஒற்றுமையாக எதையும் செய்ததில்லையே என்று நினைத்துக்கொண்டார்.

ஆறு. ஏழு. பிறகு கொஞ்சம் இடைவெளி. எங்கேயோ தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவர் யோசிப்பதற்குள் அடுத்த இருமல் வந்துவிட்டது, முன்னைவிடத் தெளிவாக.

"தெரியுது!"

உடனே இன்னொன்று. "தெரியுது, குதிகால்ல!" என்று கொஞ்சம் கூடவே சேர்த்துக்கொண்டார்.

பத்தாவது. "தெரியுது சிஸ்டர். நல்லாவே தெரியுது."

"சார், கண்ணைத் திறங்க."

குரல் கால் பக்கத்திலிருந்து வரவில்லை. கதவுப் பக்கத்திலிருந்து வந்தது. கண்ணைத் திறந்தார். அங்கே தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில், கையில் டம்ளரோடு நர்ஸ் நின்றிருந்தாள்.

"அம்மா விடாம இருமுறாங்களேன்னு தண்ணி பிடிக்க வந்தேன். கடைசி மூணு தடவை நான் உங்க காலைத் தொடவே இல்ல சார்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனைவியைப் பார்த்தார். கட்டிலின் கால்மாட்டில்தான் நின்றிருந்தாள். நர்ஸ் நகர்ந்து போனதை அவள் பார்க்காமல் இருந்திருக்க வழியே இல்லை. கண் கலங்கியிருந்தது. ஆனாலும் பார்வையை அவர் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"இந்தாங்கம்மா, குடிங்க. இருமலையும் டாக்டர்கிட்ட காட்டிடலாம்" என்று நர்ஸ் டம்ளரை நீட்டினாள்.

அவள் வாங்கிக்கொள்ளவில்லை. குனிந்து கணவரின் பாதத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். பிடித்திருப்பதை அவர் கண்ணால்தான் பார்த்தார்.

"எனக்கு இருமலே இல்ல சிஸ்டர். வண்டியில பதினெட்டுப் பிள்ளைங்க."