நிறுக்காத கொழுந்து

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையில், பெண்கள் இடுப்பில் கட்டிய படங்குகளிலிருந்து மழைநீர் சொட்டுகிறது. கணக்கப்பிள்ளை யோகேஸ்வரனின் கைப்பேசி செய்தி வாசிக்கிறது: மலையகத் தோட்டத் தொழிலாளர் கட்சியின் ஆதரவில்லாமல் கொழும்பில் ஆட்சி அமையாது, அதன் தலைவருக்கு மூத்த அமைச்சர் பதவி.

"பதவி எங்கயோ அங்க தாவுற கட்சிதானே?" என்று அவர் இளிக்கிறார்.

கொழுந்து பறிக்கும் பவுலின், முதுகுக் கூடையை இறக்காமலே நிமிர்கிறாள். "தாவுச்சுதாங்கய்யா. நாங்களே ஏசியிருக்கோம். இன்னைக்குக் கொழும்பே நம்மகிட்டத் தாவி வந்திருக்குல்ல!"

பெண்களின் குலவை தகரக் கூரையில் மோதித் திரும்புகிறது. ஓர் இலை சிந்தினாலும் ஏச்சு விழும் அந்தத் தரையில், பவுலின் கூடையை இறக்கி, இன்னும் நிறுக்காத தன் கொழுந்தை இரு கைகளாலும் அள்ளித் தலைக்கு மேலே வீசுகிறாள். ஈரத் துளிர்கள் தராசிலும் கணக்கப்பிள்ளையின் தோளிலும் உதிர்கின்றன.