எஞ்சின் ஆறும் வரை

சாவியைத் திருப்பியதும் சத்தம் எழுந்தது.

டிக். டிக். டிக்.

அவளுக்கு நிம்மதியாக இருந்தது. பிரமை இல்லை.

இதற்கு முன் அவள் காரைக் கொண்டுவந்தபோதெல்லாம் மெக்கானிக் சிராஜுக்கு எதுவும் கேட்டதில்லை. அவள் வீட்டிலிருந்து பட்டறைக்கு ஓட்டி வந்து சேர்வதற்குள் சத்தம் நின்றுவிடும். இரவு முழுவதும் வண்டி இங்கேயே நிற்கட்டும், காலையில் பார்க்கலாம் என்று நேற்று அவன்தான் சொன்னான்.

நீண்ட திருப்புளியின் முனையை எஞ்சின்மேல் வைத்தான். கைப்பிடியைக் காதோடு சேர்த்தான். இடம் மாற்றினான். மறுபடியும் மாற்றினான்.

புகை வெளியேறும் இரும்புக் குழாயருகே நின்றுவிட்டான். சோப்புத் தண்ணீர் தெளித்தான். ஓரிடத்தில் மட்டும் நுரை விம்மி உடைந்தது. ஒவ்வொரு டிக்கிற்கும் ஒரு குமிழி.

"விரிசல்க்கா. சூடானா இரும்பு விரிஞ்சு தானா மூடிக்கும். ஆறினா திரும்பத் தொறந்துக்கும்."

அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சத்தம் மெலிந்தது.

பிறகு இல்லை.

சின்ன வேலைதான் என்றான். அண்ணனிடம் இதை உடனே சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அவன் ஆண்டுக்கணக்காக ஓட்டிய வண்டி. வெளியாளுக்குக் கொடுக்க மனமில்லை என்று அவளுக்கு விற்றது.

சிராஜ் விளக்கைத் தாழ்த்தினான். விரிசலின் ஓரத்தைத் திருப்புளியால் சுரண்டினான். சாம்பல் நிறத்தில் ஏதோ பொருக்காக உதிர்ந்தது.

"யாரோ ஏற்கெனவே பேஸ்ட் வெச்சு அடைச்சிருக்காங்க. நிக்கல. வாங்கும்போது ஆறின வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலையாக்கா?"



வாங்கிய அன்று அண்ணன்தான் ஓட்டிக்கொண்டு வந்தான். அவள் வீட்டு வாசலில் நிறுத்திய பிறகும் எஞ்சினை அணைக்கவில்லை.

"நல்ல நேரத்துல ஸ்டார்ட் பண்ணதும்மா. கோயிலுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் ஆஃப் பண்ணாத."

நல்ல நேரம் என்று அவன் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

எதற்கும் ஏன் என்று கேட்பவன் அவன். முகூர்த்தம் ஏன் இந்த நேரத்தில், அரைமணி தள்ளினால் என்ன ஆகும் என்று அவள் திருமண மேடையிலேயே ஐயரை மடக்கியவன். அவளுடைய புதுவீட்டிற்குள் ஹோமப் புகை அடங்கிய பிறகே காலெடுத்து வைத்தவன். உங்க அண்ணன் சாப்பாட்டுக்கு மட்டும் நேரம் பார்ப்பார் என்பாள் அண்ணி.

அவன் அவளுக்காகப் பஞ்சாங்கம் பார்த்திருக்கிறான்.

சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்களையும் அவனே வைத்தான். குனிந்து, ஒவ்வொன்றாக. அவள் கண் கலங்கியிருந்ததால் முதல் கியர் உடனே விழவில்லை. பழங்கள் நசுங்கியது எஞ்சின் ஓசையில் கேட்கவில்லை.

அதன்பிறகு காரைப் பற்றி யார் விசாரித்தாலும் அவள் காரைப் பற்றிப் பேசவில்லை. எங்கண்ணன் எனக்காக நல்ல நேரம் பார்த்தான் என்றுதான் சொன்னாள்.

மறுநாள் காலையில் முதன்முறையாகச் சத்தம் கேட்டது. அண்ணனை அழைத்தாள். பழைய வண்டி என்றால் நாலு சத்தம் வரும், அதெல்லாம் காதில் வாங்காதே என்றான்.

"இன்னிக்கே மாத்திடவாக்கா?" என்றான் சிராஜ்.

"நாளைக்குக் கொண்டுவரேன்."

இவ்வளவுதான் கோளாறு. சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பாள்.

மாலையில் ஸ்ரீரங்கத்திற்குப் போனாள். அண்ணன் வீட்டு வாசலில் கார் சத்தமின்றி வந்து நின்றது. அவன் வெளியே வந்து பானெட்டை ஒருமுறை தட்டினான்.

"எங்க உன் சத்தம்? நான்தான் சொன்னேனே."

அவள் சிரித்தாள். எஞ்சினை அணைத்தாள்.

காபி வந்தது. மாடிக் குழாயில் தண்ணீர் ஏறாததைப் பற்றி அண்ணி விரிவாகச் சொன்னாள். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். இன்னொரு காபி கேட்டு வாங்கிக் குடித்தாள். தெருவிளக்குகள் எரியத் தொடங்கின. அண்ணி ரவை வறுக்க உள்ளே போனாள்.

"இருட்டிடுச்சே, கிளம்பலையா?" என்றான் அண்ணன்.

கார் சாவியை அவன் முன்னால் மேசைமேல் வைத்தாள்.

"எஞ்சின் ஆறட்டும்ண்ணா. நீயே ஸ்டார்ட் பண்ணிக் குடு."

கையில் கரண்டியோடு அண்ணி எட்டிப் பார்த்தாள்.

"அது ஏன் ஆறணும்?"

அவன் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏன் என்று அவன் கேட்கவில்லை.