விளங்காத கை

கங்கையம்மாள் படியேறுவதைப் பார்த்ததுமே சுகுமாருக்குச் சுர்ரென்று ஏறியது.

"வந்துட்டா பாரு! ஷட்டரைத் தூக்கறதுக்குள்ள வந்து நிக்கறா!"

"சும்மா இருங்க, காதுல விழப்போகுது" என்றாள் மனைவி தனம்.

"விழட்டுமே!"

தாம்பரம் மார்க்கெட்டில் சுகுமாரின் மேட்சிங் சென்டருக்கு வயது முப்பது. ஜாக்கெட் பிட், லைனிங், ஃபால்ஸ். அந்தக் கடைக்கு மூன்று மாதமாகத் தினமும் முதல் போணி, பஸ் ஸ்டாண்டு ஓரம் கீரை விற்கும் இந்தக் கங்கையம்மாள்தான்.

"ஒரு நூல்கண்டு குடு சார். மஞ்சா கலரு."

"நேத்தும் மஞ்சள்தானே வாங்குனே? தினமும் வாங்கி என்ன பண்றே, கீரையைத் தைக்கிறியா?"

"எத்தையோ தைக்கிறேன். உனுக்கு இன்னா? யாவாரம் எப்டி கீது?"

"கீது, கீது!" என்று பல்லைக் கடித்தார் சுகுமார்.

அவள் நீட்டிய பத்து ரூபாயை இரண்டு விரலால் பிடித்துக் கல்லாவுக்குள் போட்டார். போணிக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதையெல்லாம் அவர் எப்போதோ விட்டுவிட்டார்.

அவள் படியிறங்கியதும் மூக்கால் பேசிக் காட்டினார். "'யாவாரம் எப்டி கீது?' ஊத்தி மூடியாச்சான்னு கேக்கறா, தெரியுதா? மூணு மாசத்துக்கு முன்னாடி சனிக்கிழமையில இங்க நிக்க இடம் இருந்துச்சா? இப்போ ஈயாவது வருதா?"

"எதிர்க்கடைக்காரர் மூணாவது மாடியில மேட்சிங் செக்‌ஷன் திறந்தாரு. அதான் அங்க போறாங்க. இந்தம்மா என்ன பண்ணும்?"

"அவன் ஒரு பக்கம், இவ கை ஒரு பக்கம்! இந்த மாசத்தோட கடையைக் காலி பண்ண வேண்டியதுதான். முப்பது வருஷம், தனம்!"

வழக்கம்போலச் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, அவள் மிதித்த படியில் தெளிக்கக் குனிந்தார். தற்செயலாக நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

எதிரே நாலு மாடி கேசவன் சில்க்ஸ். ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. வாட்ச்மேன் கங்கையம்மாளுக்கு ஒரு சல்யூட் வைத்து, ஷட்டரை இன்னும் கொஞ்சம் தூக்கி உள்ளே விட்டான்.

"தனம்! பார்த்தியா? அவன் அனுப்பற ஆளு! தினம் காலையில விளங்காத கையை என் கடைக்குள்ள அனுப்பறான் பாவி!"

"ஏங்க, நில்லுங்க..."

செம்பு படியில் உருண்டது. சுகுமார் அதற்குள் ஷேர் ஆட்டோவையும் மாநகரப் பஸ்ஸையும் கையைக் காட்டி நிறுத்திவிட்டு ரோட்டைக் கடந்திருந்தார்.

உள்ளே ஏ.சி. குளிர். கல்லாவில் சாம்பிராணிப் புகை. யூனிஃபார்ம் சேலைப் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். கங்கையம்மாள் ஒரு கர்ச்சீப்பை எடுத்து வைத்திருந்தாள். எதிரே கேசவன்.

"வாங்கண்ணா" என்றார் கேசவன், திடுக்கிட்டு.

"அண்ணனா? யாருடா உனக்கு அண்ணன்?" சுகுமார் அந்தப் பெண்கள் பக்கம் திரும்பினார். "உங்க மொதலாளி எப்படிக் கூவுவாரு தெரியுமா? 'நைட்டிம்மா நைட்டி! நூறு ரூபா நைட்டி! சாயம் போனா சட்டையைப் புடி!' என் கடை வாசல்ல நின்னு கூவுனவன்! மழை வந்தா மூட்டையை என் கடைக்குள்ளதான் வைப்பான்!"

குரல் அச்சு அசலாக இருந்தது. ஒரு பெண் களுக்கென்று சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டாள். கேசவன் தலையைக் குனிந்தார்.

"உண்மைதாண்ணா. இல்லேன்னு சொல்லலையே."

"என் வியாபாரத்தைப் புடுங்கினே. சரி, காசு இருக்கு, கட்டினே. இந்தச் சூனியத்தை எதுக்குடா அனுப்பறே? இவ என் படியேறின நாள்லேர்ந்து கடை படுத்துடுச்சு. இவ கை பட்டா பச்சை மரமும் பட்டுப் போகும்!"

"அண்ணா!" கேசவன் போட்ட சத்தத்தில் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தவன் கை நின்றது. "என்னை என்ன வேணா சொல்லுங்க. அவங்களைச் சொல்லாதீங்க."

"சொல்லுவேன்! நீ அனுப்பினியா இல்லையா?"

"அனுப்பினேன்."

"கேட்டுக்குங்க எல்லாரும்! அவன் வாயாலேயே சொல்றான்!"

கங்கையம்மாள் கர்ச்சீப்பை மேஜைமேல் வைத்தாள்.

"நான் படியெறங்குனா நீ தண்ணி தெளிக்கறது எனுக்குத் தெரியாதுன்னு நெனச்சியா சார்? தெனம் பாத்துக்கினுதான் போனேன். இவன் கேட்டானேன்னு வாயை மூடிக்கினு வந்தேன்." அவள் கேசவன் பக்கம் திரும்பினாள். "நாளைலேர்ந்து அந்தப் படியை நான் மிதிக்க மாட்டேன். நீ கால்ல வுழுந்தாலும் மாட்டேன்."

"ரொம்ப சந்தோஷம்! பீடை ஒழிஞ்சுது!" என்றார் சுகுமார்.

கேசவன் அவரையே பார்த்தார்.

"மூட்டையைப் பிரிச்ச அன்னைக்கு என்கிட்ட முதல் நைட்டி வாங்கினது இந்தக் கைதாண்ணா. அன்னிலேர்ந்து ஒரு நாள் தவறாம என் முதல் போணி இவங்கதான். உங்க கடை படுக்க ஆரம்பிச்சுதுன்னு தெரிஞ்ச மறுநாள்லேர்ந்துதான், 'முதல்ல அண்ணன் கடைக்குப் போயிட்டு அப்புறம் நம்ம கடைக்கு வாங்கம்மா'ன்னு அனுப்பிக்கிட்டிருக்கேன்."