தெரிஞ்சா வலது கை

"தெரிஞ்சா வலது கை, தெரியலைன்னா இடது கை. ஆனா நான் கேள்வி கேட்டதும் எல்லார் கையும் மேல இருக்கணும். சரியா?"

ஒன்பதாம் வகுப்பு தலையை ஆட்டியது. பயிற்சி டீச்சருக்கு அது போதவில்லை. இன்னொரு முறை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டாள். வாத்தியார் வேலைக்குப் படிக்கிறவர்களுக்கும் பரீட்சை பயம் உண்டு; கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

மறுநாள் அவளுக்குச் செய்முறைத் தேர்வு. எழுத்துத் தேர்வுகளைத் தாண்டியாயிற்று. மிச்சம் இது ஒன்றுதான். வெளியிலிருந்து வரும் அதிகாரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க, நிஜமான வகுப்பில் ஓர் அறிவியல் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். போன வருஷம் இதே பள்ளியில், இதே பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது நடத்திக் காட்டினாள். கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்னார்கள். அதிகாரி வராந்தாவில் நின்று, வகுப்பு லீடர் பெண் கொண்டுபோய்க் கொடுத்த தண்ணீரைக் குடித்து, தலைமையாசிரியரிடம் ஏதோ பேசிவிட்டுப் போனார். அப்புறம் தேர்ச்சி இல்லை என்று வந்தது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. குரல் நடுங்கியதோ, போர்டில் எழுத்து கோணிப்போனதோ என்று அவளாக எதையெதையோ நினைத்து அழுது தீர்த்தாள்.

இரண்டு வாய்ப்புதான் கொடுப்பார்கள். இதிலும் போனால் படித்த படிப்பு மொத்தமும் போச்சு. அவள் படிப்பதற்காகத் தம்பி தன் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு ஒர்க் ஷாப்பில் கிரீஸ் கையோடு நிற்கிறான். அக்காவுக்கு வேலை கிடைத்ததும் அவன் திரும்பப் படிக்கப் போக வேண்டும் என்பது எண்ணம். வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை, அதுவே அவளுக்குப் பெரிய பாரமாக இருந்தது.

தேர்வுக்கு முதல்நாளே பாடத்தை வகுப்பில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது, பயிற்சிக்கு வருகிற எல்லாரும் செய்வதுதான். இந்தத் தடவை அவள் கூடுதல் ஜாக்கிரதையாக இரண்டு கை ஏற்பாட்டையும் சேர்த்துக்கொண்டாள். வலது கையாகப் பார்த்துக் கேட்டால் வண்டி ஓடிவிடும். சாயங்காலம் மணி அடிப்பதற்குள் வகுப்பு மொத்தமும் பதில்களைக் கடகடவென்று ஒப்பித்தது.

காலையில் தம்பி, "நிதானமா பண்ணுக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனான்.

அதே அதிகாரிதான் வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். அவள் கண்ணாடி டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, மேலே ஓர் அட்டையை வைத்து, அழுத்திப் பிடித்தபடி தலைகீழாகக் கவிழ்த்தாள். பிறகு அட்டையிலிருந்து கையை எடுத்தாள். அட்டையும் விழவில்லை, தண்ணீரும் கொட்டவில்லை.

"ஏன் கொட்டலை? யார் சொல்றீங்க?"

எல்லார் கையும் மேலே போனது. எல்லாம் இடது கை.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஒரே ஒரு வலது கைக்காக ஒவ்வொரு பெஞ்சாகத் துழாவினாள். எதற்கும் முந்திக்கொள்ளும் லீடர்கூட இடது கையைத் தூக்கிக்கொண்டு அவளையே பார்த்தாள். நேற்று ஒப்பித்ததெல்லாம் ஒரே ராத்திரியில் எங்கே போயிற்று? பிள்ளைகளுக்குப் பதில் தெரியும் என்று நம்பி எழுதிய பாடத்திட்டம் மேசைமேல் கிடந்தது. இனி அதில் ஒரு வரியும் உதவாது.

வேறு வழியில்லாமல் லீடரை எழுப்பி, தோன்றியதைச் சொல்லச் சொன்னாள். ஈரத்தில் அட்டை ஒட்டிக்கொண்டது என்றாள் லீடர்.

"ஒட்டிக்கிச்சா? வா, பார்த்துடலாம்."

டீச்சர் தன்னுடைய வாயகன்ற பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து, அதன் அடியில் காம்பஸ் முனையால் ஓட்டை போட்டாள். ஓட்டையை லீடரை விரலால் அடைக்கச் சொல்லி, தண்ணீர் நிரப்பி, அதே அட்டையால் வாயை மூடிக் கவிழ்த்தாள். அட்டை நின்றது. விரலை எடுக்கச் சொன்னாள். அட்டை விழுந்து, தண்ணீர் மொத்தமும் இருவர் காலிலும் கொட்டியது. வகுப்பு சிரித்தது.

"அதே அட்டை, அதே ஈரம். இப்ப மட்டும் ஏன் விழுந்துது?"

இந்தக் கேள்வி நேற்றைய ஒத்திகையில் இல்லை. அவளுக்கே அப்போதுதான் தோன்றியது. ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போய்விட்டது என்றான் ஒருவன். அப்படியானால் அதுவரை அட்டையைத் தாங்கியது யார் என்று கேட்டாள். கீழேயிருந்து காற்றுதான் தள்ளியிருக்கிறது என்று இன்னொருத்தி எழுந்து சொன்னாள். இடது கைகள் ஒவ்வொன்றாக இறங்கி வலது கைகள் ஏறின. கடைசி பெஞ்சில் ஒருவர் இருப்பதையே அவள் மறந்துபோனாள்.

மணி அடித்ததும் அதிகாரி வாசலில் நின்றார். "போன வருஷம் நான் பார்த்த டீச்சர்தானா நீங்கன்னு இருக்கும்மா. தேறிட்டீங்க."

அவர் போனபிறகு அவள் வகுப்புக்குள் திரும்பினாள். பிள்ளைகள் வெளியே போயிருந்தார்கள். லீடர் மட்டும் குனிந்து தரையில் கொட்டிய தண்ணீரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். டீச்சருக்குச் சந்தோஷத்தையும் மீறி ஆற்றாமை வந்தது.

"நேத்து அவ்வளவு சொன்னேனே, ஒருத்தருக்குக்கூடவா ஞாபகம் இல்ல? எனக்கு உசுரே போயிடுச்சு, தெரியுமா?"

லீடர் துணியைப் பிழிந்தாள். நிமிரவில்லை.

"எல்லாருக்கும் ஞாபகம் இருந்துது டீச்சர். ஆனா போன வருஷம் நான் தண்ணி கொடுக்கப் போனப்ப, 'எல்லாம் தெரிஞ்ச பிள்ளைங்களுக்கு இந்தம்மா என்னத்தச் சொல்லிக்கொடுத்தாங்க'ன்னு அவர் ஹெச்.எம். சார்கிட்ட கேட்டாரு. எங்களாலதானே உங்களுக்குப் போச்சு, அதான் இந்தத் தடவ யாருக்கும் எதுவும் தெரிய வேணாம்னு நாங்க பேசி வச்சுக்கிட்டோம்."