சம்பந்தி கேட்ட லாரி

தட்டு மாற்றக் கால் மணி நேரம் இருக்கும்போதுதான் மாப்பிள்ளையின் அப்பா பஞ்சாட்சரம் ஸ்கூட்டர் கேட்டார்.

திருத்தணி மலைமேல் மண்டபம். இரண்டு பக்கத்து உறவும் உட்கார்ந்தாயிற்று. முருகன் சந்நிதியில் வெற்றிலைத் தட்டு கைமாறிவிட்டால் அவர்கள் சனத்தில் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அப்புறம் யாரும் பின்வாங்கியது கிடையாது.

மாப்பிள்ளை ஆனந்தன் குவைத்தில் இருந்தான். அவன் போட்டோ மட்டும் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. பெண் அம்சா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"ஸ்கூட்டரா?" பெண்ணின் அப்பா கஜபதி சிரித்தார். கிளீனராக ஏறின லாரிக்கே முதலாளி ஆனவர். பேரம் அவருக்குப் புதுசில்லை. "இன்னா பாவா, போன மாசம் பேசும்போது வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே?"

"இப்பதான் ஞாபகம் வந்துது."

"குவைத்துல இருக்கறவனுக்கு பள்ளிப்பட்டுல எதுக்கு ஸ்கூட்டர்? சரி வுடு. ஒரு வருஷம் ஓடினதா வாங்கித் தரேன்."

"புதுசுதான் வேணும்."

"சரி, புதுசு. ஆச்சா? தட்டை எடு."

பஞ்சாட்சரம் எடுக்கவில்லை. சட்டைப் பையை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "பத்து சவரன் பேசினோம். இருபதாக்கிடு."

மண்டபம் முணுமுணுத்தது. கஜபதியின் தம்பி ராஜகோபால் மடித்து வைத்திருந்த பேப்பரை விரித்தார்.

"இதைக் கேளுங்க. எண்ணெய் விலை பாதிக்கும் கீழ போயிடுச்சாம். விக்கிற நாடெல்லாம் படுத்துடுச்சு, எப்ப எழுந்துக்கும்னு தெரியாதாம். வாங்குற நாடுங்கதான் இனிமே தலையெடுக்கும்னு போட்டிருக்கான். எண்ணெய் விலை இறங்கிக்கினு இருக்குது, குவைத் மாப்பிள்ளை விலை மட்டும் ஏறுதா?"

எல்லாரும் சிரித்தார்கள். பஞ்சாட்சரம் சிரிக்கவில்லை.

கஜபதிக்குக் கோபம் வந்தது. தம்பிமேல்தான். "எவன்டா தலையெடுத்தான்? அங்க இறங்குதுன்றான், இங்க பங்க்ல டீசலுக்கு ஏத்திட்டான். மூடுறா பேப்பரை! நான் குவைத்தைப் பாத்தா பொண்ணு குடுக்கறேன்? பஞ்சாட்சரம் புள்ளைன்னு குடுக்கறேன். வாக்கு வாக்குதான். நாளைக்கே அவன் இங்க வந்து மூட்டை தூக்கினாலும் என் பொண்ணு அவன் வூட்லதான் சோறாக்குவா."

அம்சா இன்னும் கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பதினைஞ்சு சவரன், பாவா. அதுக்கு மேல என் எலும்பைத்தான் உருக்கணும். எடு தட்டை."

"நல்ல நேரம் முடியப் போறது" என்றார் குருக்கள்.

"லாரியை என் பையன் பேருக்கு எழுதிக் குடு."

பஞ்சாட்சரத்தின் மனைவி வள்ளியம்மாள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "இன்னாங்க ஆச்சு உங்களுக்கு?"

கஜபதி துண்டால் முகத்தைத் துடைத்தார். மகளைப் பார்த்தார். அவள் கண் போட்டோமேல் இருந்தது.

"பாதிப் பங்கு எழுதறேன்" என்றார். அவர் அவ்வளவு மெல்லப் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை.

பஞ்சாட்சரத்துக்கு வேர்த்துக் கொட்டியது.

"பாதி லாரி எதுக்கு ஆவும்? உன் பொண்ணு நெறத்துக்கு முழு லாரியே கம்மி."

அம்சா நிமிர்ந்தாள்.

தட்டு பறந்தது. தேங்காய் தூணில் மோதி உருண்டது. பஞ்சாட்சரத்தின் சட்டை கஜபதியின் கைப்பிடியில் இருந்தது.

"யோவ்! என் லாரியைக் கேளு, என் உசுரைக் கேளு. என் பொண்ணையா எடை போடறே? முருகன் எதிர்ல சொல்றேன், இந்த ஜென்மத்துல உன் வாசப்படியை நாங்க மிதிக்க மாட்டோம். போய்யா, எண்ணெய்க் கிணறு வெச்சிருக்கறவன் வூட்ல பொண்ணு பாரு!"

"பணப் பிசாசு" என்றது ஒரு குரல். பஞ்சாட்சரத்தின் சொந்த அக்காவே புடவையை உதறிக்கொண்டு எழுந்து போனாள்.

அம்சா போட்டோவை எடுத்து நீட்டினாள். பஞ்சாட்சரம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பாதிப் படி இறங்கியதும் வள்ளியம்மாள் அழுதாள்.

"நம்ம வூட்டுக்கு விளக்கேத்த வரவேண்டியவ. அவளைப் போய் அப்பிடிச் சொன்னியே, உன் நாக்கு அழுவிப் போவ!"

பஞ்சாட்சரம் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு நீலக் கடிதத்தை எடுத்தார்.

"நாலு நாளா வெச்சிக்கினு இருக்கேன். ஆனந்தன் வேலை செஞ்ச கம்பெனியை மூடிட்டாங்களாம். மூணு மாசமா சம்பளமே இல்லியாம். வர்ற வெள்ளிக்கிழமை திரும்பி வரான், கட்டின துணியோட. எண்ணெய் விலை ஏறினா மறுபடி கூப்பிடுவாங்களாம். எப்ப ஏறும்னு எவனுக்கும் தெரியாதாம்."

வள்ளியம்மாள் கடிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். படிக்கத் தெரியாது.

"அவனை அனுப்பறதுக்கு நாலு தறியையும் வித்தோமே" என்றாள். "வந்து எதுல உட்காருவான்?"

கீழே பள்ளிப்பட்டு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இதை மேலயே சொல்லியிருக்கலாம் இல்லீங்களா? எதுக்கு இப்பிடி ஊர் வாயில வுழுந்தீங்க?"

"சொன்னா, கஜபதி பொண்ணைக் குடுத்துடுவான்டி."